கணினிக் குறிப்பேடுகளிற் கணித எழுத்து

ஆராய்ச்சியாளர் ஒருவர் வெளியிடுங் கட்டுரை இருபது பக்கமாயின், அதன்பொருட்டு அவர் எழுதிவைத்த குறிப்புக்கள் பெரும்பாலும் அதனிற் பன்மடங்கு நீண்டிருக்கும். வழிதவறிய நிறுவல்கள், பாதியில் நின்ற கணிப்புக்கள், பிறர் நூலை வாசித்தபோது எடுத்த சுருக்கங்கள், பின்னொருநாட் பயன்படும் என்றெண்ணிக் குறித்துவைத்த சமன்பாடுகள் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். முன்னாளிலே இவை தாட்கட்டுக்களாக அலுமாரியிற் கிடந்தன. இக்காலத்தே ஒப்சிடியன், நோஷன், வன்நோட், ஜொப்ளின் என்றின்னோரன்ன பெயர் பூண்ட செயலிகளுள்ளே அவை குடிபுகுந்துவிட்டன. இச்செயலிகளை மதிப்பிடுவோர் பலர், திரையிலே சமன்பாடு எத்துணை அழகாகத் தோன்றுகின்றது, எத்துணை விரைவாகத் தட்டச்சுச் செய்யலாம் என்பவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வளவுகோல் போதாது என்பதே ஈண்டுக் காட்டப்புகுவது. ஒரு செயலியுள் எழுதப்பட்ட சமன்பாடு அதனை விட்டு வெளியேறும்போது எவ்வுருவில் வெளியேறுகின்றது என்பது முதலிற் கேட்கவேண்டிய வினா. பத்தாண்டு உழைப்பு ஒருவர்க்கு எஞ்சுமோ எஞ்சாதோ என்பது அவ்வினாவின் விடையிலே தங்கியுள்ளது.

கோப்பு இடம்பெயர்ந்தால் எழுத்து அழியும் என்பதனை இலங்கைத் தமிழாசிரியர்க்கு எவருங் கற்பிக்கவேண்டியதில்லை. பாமினி எழுத்துருவிலே பல்லாண்டு காலம் வினாத்தாள்களும் மலர்களும் தட்டச்சுச் செய்யப்பட்டன. அவ்வெழுத்துருவிலே தமிழெழுத்தின் வடிவங்கள் உரோம எழுத்துக்களுக்குரிய இடங்களிற் குடியேற்றப்பட்டிருந்தன. எழுத்துரு உள்ள கணினியிலே செவ்விய தமிழ் தோன்றும்; இல்லாத கணினியிலே அதே கோப்பு பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாய்க் காட்சியளிக்கும். கோப்பினுள்ளே இருந்தது தமிழ்போலத் தோன்றுதற்கு வேண்டிய வேறொன்றேயாம். 1991ஆம் ஆண்டு வெளிவந்த யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டிருந்தும், அவ்விடத்துக்கு யாவரும் வந்துசேர நெடுங்காலஞ் சென்றது. தோற்றத்தைச் சேமிப்பதா, பொருளைச் சேமிப்பதா என்னும் இவ்வேறுபாடே கணிதக் குறியீட்டிலும் வந்து நிற்கின்றது.

கணிதத்திலே இவ்விடர்ப்பாடு இருமடங்காகும். உரைநடை இடமிருந்து வலமாக ஒரே வரிசையிற் செல்வது. சமன்பாடோ மேலுங் கீழுமாகவும் விரிவது. பின்னத்திலே தொகுதி மேலும் பகுதி கீழுமாக நிற்கும். தொகையீட்டுக் குறியின் தலையிலுங் காலிலும் எல்லைகள் அமரும். தாயத்திலே நிரைகளும் நிரல்களும் ஒன்றற்கொன்று ஒத்து நிற்றல் வேண்டும். ஓர் எழுத்து அரைவரி கீழே இறங்கினும் பொருள் வேறுபடும். ஈய அச்சுக் காலத்திலே இதனைக் கோத்தல் அச்சுக்கோப்பாளர்க்குப் பெருந்தொல்லையாய் இருந்தது. கணித நூலுக்கு அச்சகத்தார் மிகுதியான கூலி கேட்டமையும் அதனாலேயே. (அச்சுக்கோப்பையும் கணினிக் கோப்பையும் ஒரே சொல்லாற் குறிக்கத் தமிழ் இடந்தருதல் தற்செயலாயினும், எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது பொருத்தமாகவே வாய்த்துள்ளது.)

இவ்வேலையைக் கணினியின்மேல் ஏற்றிச் செவ்வனே முடித்தவர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதற்றொகுதி 1968இல் ஈய அச்சிலே அழகுற வெளிவந்தது. இரண்டாந் தொகுதியின் மறுபதிப்புக்கு 1977இல் வந்த பார்வைப் படிகள் புதிய ஒளியச்சு முறையில் அமைந்தவை. அவற்றின் தரக்குறைவைக் கண்டு மனம் நொந்த கனூத், அச்சுக்கோக்கும் மென்பொருளொன்றைத் தாமே ஆக்கத் தொடங்கினார். விரைவிலே முடிந்துவிடும் என்று எண்ணிய வேலை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. அம்மென்பொருளின் பெயர் தெக். கலை எனவும் கைத்திறன் எனவும் பொருள்படுங் கிரேக்கச் சொல்லினின்றும் அப்பெயர் பிறந்தது. அதன் ஈற்றொலி ஆங்கிலேயர் நாவுக்கு எளிதில் வாராது. தமிழர் ஆய்தத்தை முறைப்படி ஒலிப்பின் அதற்கு அணித்தாய் வரும்.

கனூத் அமைத்த அடித்தளத்தின்மேல் 1980களிலே லெஸ்லி லம்போட் என்பார் லாதெக் என்பதனைக் கட்டியெழுப்பினார். இன்று குறிப்புச் செயலிகள் ஏற்பது பெரும்பாலும் இந்த லாதெக் மரபையே. இதிலே சமன்பாடு வரையப்படுவதில்லை, சொல்லப்படுகின்றது. பின்னம் வேண்டுவோர் பின்சாய்கோடொன்றை இட்டு, பின்னம் என்று பொருள்தருங் குறுஞ்சொல்லை எழுதி, தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே நெளியடைப்புக்களுள் வைப்பர். வர்க்கமூலமும் தொகையீடும் கிரேக்க எழுத்துக்களும் இவ்வாறே பெயர்சொல்லி அழைக்கப்படும். முதன்முறை காண்போர்க்கு இது கரடுமுரடாகவே தோன்றும். திரையிற் பொத்தானை அழுத்திப் பின்னத்தை வரவழைக்கலாமாயிருக்க, அடைப்புக்களை எண்ணிக்கொண்டு எழுதுவானேன் என்று மாணவர் வினவுவர். வினா நியாயமானதே. எனினும் அக்கரடுமுரடான கோப்பு முழுவதும் விசைப்பலகையிலுள்ள எளிய எழுத்துக்களால் ஆயது. எந்தக் கணினியிலும் திறக்கக்கூடியது. தாளில் எழுதவும் தொலைபேசியில் வாசித்துச் சொல்லவும் ஏற்றது. பின்னம் பின்னம் என்றே எழுதப்பட்டிருத்தலின், கண்ணுக்குக் காட்டும் பணியோடு வேறு பணிகளுக்கும் அது உதவும். கண்பார்வை இழந்தவராகிய ரி. வி. இராமன் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே 1994இற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, லாதெக் ஆவணங்களைச் செவிக்கேற்ற முறையில் வாசித்துக்காட்டும் மென்பொருளொன்றைப் பற்றியது. சமன்பாடு படமாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அம்மென்பொருளுக்கு அங்கே வாசிக்க எதுவும் இருந்திராது.

கனூத் செய்த மற்றொரு செயல் இதனினும் அரியது. 1990ஆம் ஆண்டிலே, தெக்கிற் புதிய வசதி எதுவும் இனிச் சேர்க்கப்படமாட்டாது, பிழைதிருத்தம் மாத்திரமே நிகழும் என்று அவர் அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் அதன் பதிப்பெண் பை என்னும் மாறிலியின் பெறுமானத்தை ஓர் இலக்கம் அணுகும். 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப் பின் பதிப்பெண் பை என்றே நிற்கவேண்டும் எனவும், அதன்பின் காணப்படும் பிழைகள் பிழைகளாகக் கொள்ளப்படலாகாது எனவும் அவர் எழுதிவைத்துள்ளார். மென்பொருள் வணிகத்தின் வழக்கத்துக்கு இது முற்றும் மாறானது. ஆண்டுதோறும் புதுமை காட்டாத செயலி இறந்துவிட்டதாகக் கருதப்படும் உலகிலே, மாறாதிருத்தலையே நூலாசிரியர் ஒரு சிறப்பாக அமைத்துத் தந்தார். 1991இல் தொடங்கப்பட்ட ஆர்க்கைவ் என்னும் கட்டுரைக் களஞ்சியம், தெக்கில் எழுதப்பட்ட கட்டுரைகளின் மூலக்கோப்பையே ஆசிரியரிடம் வேண்டிப் பெறுகின்றது. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். கனூத்தின் அடித்தளம் அசையாது நின்றாலும், அதன்மேல் நிற்கும் லாதெக் 1994இலே புதுப்பதிப்பு ஒன்றாக மாறியது. அதனோடு சேர்ந்து வழங்கும் துணைத்தொகுதிகள் இன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தமிழுக்கு அத்தளம் முதலில் இடந்தந்ததுமில்லை. யுனிக்கோட்டை நேரே வாசிக்குஞ் சீதெக் 2004இல் வெளிவந்த பின்னரே தமிழுரையும் சமன்பாடும் ஒரே கோப்பில் இலகுவாக அமைந்தன.

எதிர்வழி சென்றதன் விளைவை மைக்குரோசொப்ற் நிறுவனத்தின் வேட் என்னும் எழுத்துச் செயலியின் வரலாற்றிற் காணலாம். அதனுள்ளே நெடுங்காலம் இருந்த சமன்பாட்டுத் தொகுப்பான், சமன்பாட்டைத் தனக்கேயுரிய மறைவடிவத்திற் சேமித்து வைத்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலே அதற்குப் பதிலாகப் புதியதொரு முறை வந்தது. புதிய முறையில் எழுதிய ஆவணத்தைப் பழைய உருவுக்கு மாற்றினாற் சமன்பாடுகள் வெறும் படங்களாயின. அக்காலத்திலே சயன்ஸ், நேச்சர் என்னும் இரு பெருஞ் சஞ்சிகைகளும் அப்புதிய உருவிலமைந்த கைப்பிரதிகளை ஏற்க இயலாது என்று ஆசிரியர்க்கு அறிவித்தன. ஒரு மென்பொருளின் பதிப்பு மாற்றம் உலகின் முதன்மையான அறிவியற் சஞ்சிகைகளின் வாயிலையே அடைத்தது என்பது சிறிய செய்தியன்று. கதை அதனோடும் முடியவில்லை. பழைய தொகுப்பானிலே பாதுகாப்புக் குறைபாடொன்று 2017இல் வெளிப்பட்டது. 2018 ஜனவரியில் வந்த இற்றைப்படுத்தலோடு அது கணினிகளினின்றும் அகற்றப்பட்டது. அதுவரை அதனால் எழுதப்பட்டிருந்த சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன; திருத்துதற்கு மாத்திரம் கைக்கு எட்டவில்லை. பிற்காலத்து வேட் பதிப்புக்களிலே அவற்றை மாற்றியெடுக்கும் வசதி தரப்பட்டது உண்மையே. ஆயின் ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருந்த ஒருவர்க்கு இடைப்பட்ட காலம் எங்ஙனம் கழிந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. எழுத்தினுரிமை எழுதினவரிடம் இருக்க, அதனைத் திருத்தும் ஆற்றல் வேறொருவர் கையில் இருந்தமையே இவ்விடரின் வேர்.

இடைவழியொன்றும் வகுக்கப்பட்டது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட மத்எம்எல் என்னுங் குறிமொழி, சமன்பாட்டின் அமைப்பை ஐயமின்றிக் கூறவல்லது. செவிவாசிப்புக்கும் மிக ஏற்றது. எனினும் கையால் எழுதத்தக்கதன்று. ஒரு சிறு பின்னத்துக்கே பல வரிகள் வேண்டும். குறோம் உலாவி 2013இல் அதற்கு அளித்த ஆதரவை நீக்கி, 2023இலேதான் மீண்டும் அளித்தது. இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாக அது நிலைபெறும். குறிப்பெழுதுவோர் மொழியாக அது ஒருகாலும் இருந்ததில்லை.

இனிக் குறிப்புச் செயலிகளுக்கு வருவோமாயின், அவற்றுட் பலவற்றின் உரைமரபு மார்க்டவுன் எனப்படும். ஜோன் குறூபர் என்பார் 2004இல் வெளியிட்ட எளிய குறிமுறை அது. சொல்லின் இருபுறமும் உடுக்குறியோ அடிக்கோடோ இட்டால் அச்சொல் சாய்வெழுத்தாகும்; வரித்தொடக்கத்திற் சதுரக்குறி இட்டால் அது தலைப்பாகும். வலைப்பக்கங்களுக்கு உரை எழுதுவோரின் வசதிக்காக அமைந்தமையால் அதிலே கணிதத்துக்கு இடமே வகுக்கப்படவில்லை. அதன் ஐயங்களை நீக்கி ஒழுங்குபடுத்த 2014இல் எழுந்த கொமன்மார்க் என்னும் வரையறையும் கணிதத்தைத் தொடவில்லை. ஆகவே ஒவ்வொரு செயலியாளரும் தத்தமக்குத் தோன்றியவாறே கணிதத்தை அதனுள் நுழைத்தனர். 'எங்கள் செயலி வெற்றெழுத்துக் கோப்பிலேயே யாவற்றையும் சேமிக்கின்றது. ஆதலின் உங்கள் குறிப்பு என்றும் அழியாது' என்னும் விளம்பரம் இந்நிலையிலேயே ஆராயப்படல் வேண்டும். அஃது அரையுண்மை. எழுத்து அழியாது என்பது மெய். பொருள் அழியாது என்பது அதனாற் பெறப்படுவதன்று.

எங்ஙனமெனின், மார்க்டவுனும் லாதெக்கும் ஒரே குறிகளை வெவ்வேறு பொருளில் ஆளுகின்றன. லாதெக்கிலே அடிக்கோடு கீழெழுத்தைக் குறிக்கும்; எக்ஸ் என்னுங் கணியத்தின் அடியில் ஒன்று என்னும் எண் நிற்கவேண்டின் இடையே அடிக்கோடு இடப்படும். ஒரே வரியில் அத்தகைய கணியங்கள் இரண்டு வரின், கணிதத்தை அறியாத மார்க்டவுன் வாசிப்பான் சில வேளைகளில் இரண்டு அடிக்கோடுகளையும் ஒரு சோடியாகக் கொண்டு, இடைப்பட்டதைச் சாய்வெழுத்தாக்கி, அடிக்கோடுகளை விழுங்கிவிடும். சமன்பாடு சிதையும். இன்னும் கொடியது பின்சாய்கோட்டின் நிலை. தாயத்திலே ஒரு நிரை முடிந்து அடுத்த நிரை தொடங்குவதைக் காட்ட லாதெக் இரண்டு பின்சாய்கோடுகளை அடுத்தடுத்து வேண்டும். மார்க்டவுன் மரபிலோ இரண்டு பின்சாய்கோடு ஒன்றாகச் சுருங்கும். எஞ்சிய ஒன்று லாதெக்கிலே வெறும் இடைவெளியாகக் கொள்ளப்பட, மூன்று நிரைத் தாயம் ஒரே நிரையாகப் படுத்துவிடும். பிழை அறிவித்தலும் வாராது. அடிக்கோட்டுப் பிழையைக் கண் உடனே காணும்; ஒன்பது உறுப்புத் தாயம் ஒரு நிரைக் காவியாக மாறியதை, ஈராண்டு கழித்துத் தன் குறிப்பைத் தானே வாசிப்பவரும் ஐயுறாது கடந்துபோதல் கூடும்.

டொலர்க் குறியின் கதை வேறு. கனூத் கணிதத்தின் தொடக்கத்தையும் முடிவையுங் காட்ட அக்குறியைத் தெரிந்தெடுத்தார். பொருளியல் ஆராய்ச்சியாளர் 5 டொலர், 10 டொலர் என்று ஒரே வரியிற் குறியிட்டு எழுதினால், இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட உரை சமன்பாடாகக் கொள்ளப்பட்டு, இடைவெளிகளை இழந்து சாய்ந்து நெருங்கித் தோன்றும். பேர்க்லியிலே மெய்யியற் பேராசிரியராகிய ஜோன் மக்பாலேன் 2006இல் தொடங்கிய பாண்டொக் என்னுங் கோப்புமாற்றி இதற்கு நுண்ணிய விதியொன்றை வகுத்துள்ளது: தொடக்கக் குறியின் வலப்பக்கத்தே இடைவெளி இருத்தலாகாது, முடிவுக்குறியின் இடப்பக்கத்தேயும் இடைவெளி இருத்தலாகாது, முடிவுக்குறியை அடுத்து எண் வருதலுமாகாது. அழகிய விதி. ஆயினும் யாவருங் கைக்கொள்ளும் விதியன்று. பல செயலிகளிலே இரட்டை டொலர்க்குறி தனிவரியில் நடுவே நிற்குஞ் சமன்பாட்டைக் குறிக்க, நோஷனிலே தட்டச்சுச் செய்யும்போது அதே இரட்டைக்குறி வரியினுள் அமையுஞ் சமன்பாட்டுக்குரியது. கிற்லப் என்னும் நிரற்களஞ்சியம் டொலரோடு பின்னோக்கிய மேற்கோட்குறி ஒன்றையுஞ் சேர்க்கும்படி வேண்டியது. கிற்ஹப் 2022 மே மாதம் வரை கணிதத்தை ஏற்கவேயில்லை. ஏட்டுச்சுவடியிலே ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதினர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வாசிப்போனே இடம் நோக்கி உணர்ந்துகொள்ளவேண்டியிருந்தது. மனிதர் உணர்ந்தனர், சில இடங்களிற் பாடபேதமும் விளைந்தது. இடம் நோக்கி உணரும் ஆற்றல் இவ்வாசிப்பான்களுக்கு அத்துணையும் இல்லை.

திரையிலே சமன்பாட்டை வரைந்து காட்டும் வேலையை இச்செயலிகள் பல தாமே செய்வதில்லை. 2010இல் முதற்பதிப்புக் கண்ட மத்ஜக்ஸ், கான் அக்கடமி 2014இல் வெளியிட்ட கேதெக் என்னும் இரண்டனுள் ஒன்றையே அவை பயன்படுத்துகின்றன. ஒப்சிடியன் முன்னையதையும், நோஷனும் ஜொப்ளினும் பின்னையதையுங் கொண்டுள்ளன. கேதெக் விரைவு மிக்கது. ஆயினும் லாதெக்கின் ஒரு கூற்றையே ஏற்பது. ஆதலின் ஒன்றிலே பிழையின்றி நின்ற சமன்பாடு மற்றொன்றிலே செந்நிற எழுத்தில் மூலமாகவே வெளிப்படலாம். ஆராய்ச்சியாளர் தமக்கென ஆக்கிக்கொள்ளுங் குறுக்கக் கட்டளைகள் இவ்விடரை மிகுவிக்கும். மெய்யெண் தொடைக்கு ஓரெழுத்துக் கட்டளை, எதிர்பார்க்கைப் பெறுமானத்துக்கு மற்றொன்று என்று ஐம்பது அறுபது கட்டளைகளை வைத்திருப்போர் உளர். அவற்றின் வரைவிலக்கணம் குறிப்புக்கோப்பினுள் இல்லாது செயலியின் அமைப்புப் பக்கத்திலே இருந்தால், கோப்பு இடம்பெயரும்போது வரைவிலக்கணம் பின்தங்கிவிடும். எழுதியவர்க்கே விளங்காத சுருக்கெழுத்து மாத்திரம் எஞ்சும். இதற்குச் செயலியாளரை மாத்திரங் குறைகூறுவது முறையன்று. கட்டளைகளை எல்லாம் தனிக் கோப்பொன்றிலே வெற்றெழுத்தாக எழுதிக் குறிப்புக்களோடு ஒரே உறையில் வைத்தல் அரைமணிநேர வேலை.

செயலிகளை இவ்வளவுகோலால் நோக்கினால் வரிசை சிறிது மாறுகின்றது. 2020இல் வெளிவந்த ஒப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் பயன்படுத்துவோரின் சொந்தக் கணினியிலே தனித்தனி மார்க்டவுன் கோப்பாக வைக்கின்றது. செயலி நாளை மறைந்தாலும் உறை எஞ்சும். உறையினுள்ளே லாதெக் எழுத்தும் எஞ்சும். இதனை முதலிடத்தில் வைப்பதில் தடையில்லை. ஆயினும் குறிப்புக்குக் குறிப்பு இணைப்பிட அது ஆளும் இரட்டைச் சதுர அடைப்பு மார்க்டவுனின் மூலவிதியில் இல்லாதது. அடியார் பலர் சேர்க்கும் எண்ணற்ற துணைச்செருகல்கள் தத்தமக்குரிய குறிகளையும் கோப்பினுள் விதைக்கின்றன. செருகல் மிகுந்த ஒப்சிடியன் உறை வெற்றெழுத்து என்னும் பெயரை மாத்திரந் தாங்கி நிற்கும். ஜொப்ளின் குறிப்புக்களைத் தரவுத்தளமொன்றிலே வைத்தாலும், கேட்டபோது மார்க்டவுன் கோப்புக்களாகவே வெளியே தரும். அதன் மூலநிரலும் யாவர்க்குந் திறந்துள்ளது. ஆரவாரமின்றித் தன் கடமையைச் செய்வது என அதனைப் பாராட்டலாம்.

நோஷன் வேறு வகையானது. அதிலே ஒவ்வொரு பந்தியும் ஒவ்வொரு சமன்பாடும் நிறுவனத்தின் சேவையகத்திலுள்ள தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டையாகும். பலர் கூடி ஒரே பக்கத்தை எழுதுதற்கு அதுபோல் எளிதானவை சிலவே. ஆய்வுக்குழுக்கள் அதனை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. மார்க்டவுனாக வெளியேற்றும் வசதியும் அதிலே இருக்கின்றது. ஆயினும் வெளிவரும் மார்க்டவுன் நோஷனின் நிழல். கட்டைகளுக்கிடையே இருந்த தொடர்புகளுட் பல வழியிலே உதிர்ந்துவிடுகின்றன. வன்நோட்டோ பேனாவால் எழுதுவோர்க்கு இனியது. கையாற் கிறுக்கிய சமன்பாட்டை அச்செழுத்தாக மாற்றியுந் தரும். கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கு இதனின் இயல்பானது பிறிதில்லை. சிந்தனை ஓடும்போது நெளியடைப்பை எண்ணிக்கொண்டிருக்க இயலாது என்போர் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அக்குறிப்பேட்டினின்றும் வெளியேறும் வழிகளுட் பெரும்பாலோர் கைக்கொள்வது அசையாத அச்சுப்பக்க உருவே. அப்பக்கத்தைப் பார்க்கலாம், அதிலுள்ள சமன்பாட்டை எடுத்து அடுத்த கட்டுரையில் வைக்க மீண்டும் எழுதவேண்டும். பேனாவாற் சிந்தித்து, நிலைபெறத்தக்கதை மாத்திரம் பின்னர் லாதெக்கிற் பெயர்த்தெழுதுவோர் இருபயனையும் பெறுவர். அப்பெயர்த்தெழுதலிலேயே பல பிழைகள் வெளிப்படுதலும் உண்டு.

எந்தச் செயலியாயினும் அதனுள் ஓராண்டு உழைப்பைக் கொட்டுமுன் ஒரு மாலைப்பொழுதிலே சோதித்தறியலாம். மூன்று நிரைத் தாயம் ஒன்று, ஒரே வரியிற் கீழெழுத்துடைய கணியங்கள் இரண்டு, டொலர் விலைகள் இரண்டு, சொந்தக் குறுக்கக் கட்டளை ஒன்று, தமிழ்ச்சொல் இடையிட்ட சமன்பாடு ஒன்று, வேறொரு குறிப்புக்கு இணைப்பு ஒன்று ஆகியவை அடங்கிய ஒரு பக்கத்தை எழுதி, வெளியேற்றி, வேறொரு செயலியிலே திறந்து பார்த்தல் வேண்டும். பின்னர் பாண்டொக்கினாலே லாதெக் கோப்பாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். எண்ணிட்ட சமன்பாடுகளையும் அதனோடு சேர்த்துச் சோதிப்பது நன்று. 'மேற்காட்டிய 7ஆம் சமன்பாடு' என்னுஞ் சுட்டு ஒரு குறிப்பினின்றும் மற்றொரு குறிப்புக்குப் பிழையின்றிச் செல்லும் செயலிகள் மிகச் சிலவே. ஆய்வேடு எழுதுவோர்க்கு இஃது அழகினும் இன்றியமையாதது. மதிப்பிடுவோரோ இதனைத் தொடுவது அருமை.

அண்மையில் எழுந்த தைப்ஸ்ற் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் ஈண்டுத் தனியே கருதத்தக்கது. 2023இல் யாவர்க்குந் திறந்துவிடப்பட்ட அது, பின்சாய்கோடுகளைப் பெரும்பாலும் நீக்கி, பின்னத்தைச் சாய்கோடொன்றால் எழுதவிடுகின்றது. விரைவும் மிக்கது, பிழை நேரின் எங்கே நேர்ந்தது என்று தெளிவாகச் சொல்லும். லாதெக்கின் பிழைச்செய்திகளோடு மல்லுக்கட்டியோர் இதனைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் அதன் கணிதக் குறியீடு லாதெக்கினின்றும் வேறானது. மேலே கூறிய செயலிகள் தம்முள் அமைத்துக்கொண்டிருப்பது லாதெக் மரபையே. ஆகவே இன்று தைப்ஸ்ற்றிற் குறிப்பெழுதுவோர் அழகிய தனிவீட்டில் வாழ்வோர் போல்வர். அயலாரோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அம்மொழிபெயர்ப்பும் தொடங்கிவிட்டது. பாண்டொக் 2023ஆம் ஆண்டிலேயே லாதெக்கிலும் மார்க்டவுனிலும் எழுதியவற்றைத் தைப்ஸ்ற்றாக மாற்றித் தரத் தொடங்கிற்று; குறுக்கக் கட்டளைகளை அதிகம் நாடாது எழுதப்பட்ட பழைய குறிப்புக்களே அம்மாற்றத்திற் குறைந்த சேதத்தோடு கரையேறுகின்றன.